தேரிமுகத்துச் செவியாட்கள்

செய்தி வெளியான மறுநாள் காலையில், தேரிமுகம் என்ற ஊரில், போன் இருந்த வீடுகளில் எல்லாம் வீட்டுக்கு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

செய்தியை முந்தின நாள் சாயங்காலமே டிவியில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். தலைநகரத்தில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு கட்டடம் இருக்கிறது, நாட்டில் யார் யாருக்கு என்ன எழுதினாலும், யார் யாரோடு என்ன பேசினாலும், எந்தப் படத்தை அனுப்பினாலும் அதற்கு ஒரு நகல் அந்தக் கட்டடத்துக்குப் போய்ச் சேருகிறது, பல வருடங்களாக யாருக்கும் தெரியாமல் இது நடக்கிறது என்று, அங்கே வேலை பார்த்து விலகிய ஒரு பெண் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். அரசாங்கம் அப்படி ஒன்றும் இல்லை என்றது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பேச்சு வந்தபோது, லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்த சொரிமுத்து, "கேட்டா கேட்டுட்டுப் போறான். வரும்போது கத்தரிக்கா வாங்கிட்டு வாங்கன்னு வீட்டுல சொல்லுததைக் கேட்டு அவன் என்ன செய்யப் போறான்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், வீட்டுக்குப் போய்த் தூங்கினார்கள், எழுந்து பார்த்தபோது அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். 

அவர்கள் எங்கிருந்தும் வரவில்லை. அத்தனை வருடமும் அங்கேயேதான் இருந்திருக்கிறார்கள், விஷயம் வெளியே தெரிந்துவிட்டதால் இனி கண்ணுக்குத் தெரியாமல் இருக்க அவர்களால் முடியவில்லை, அவ்வளவுதான். இது பார்த்த மாத்திரத்திலேயே எல்லோருக்கும் விளங்கிவிட்டது. ஏனென்றால் அவர்கள் தலைக்குப் பின்னால் சுவரில் எண்ணெய்க் கறை இருந்தது. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்தும் போகாமல் திரும்பத் திரும்ப வந்த அந்தக் கறைக்காக, பெண்கள் இத்தனை நாளும் புருஷனையும் மாமியாரையும் ஏசிக்கொண்டிருந்தார்கள். சர்க்கார் ஆபீஸில் இருப்பதைப் போன்ற மடக்கு இரும்பு நாற்காலி, துவைத்துத் துவைத்து நிறம் போன அரைக்கைச் சட்டை, வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்த ரப்பர் செருப்பு. முகம் மட்டும், பார்க்கும்போது ஒரு முகமாகத்தான் இருந்தது, திரும்பிக்கொண்டால் மறந்துபோனது.

தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த உலகம்மாள் தன் வீட்டில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, "யாரு?" என்றாள். பதில் இல்லை. லாரி ஓட்டிய அவள் புருஷன் ஆவுடையப்பன் வடக்கே ஏதோ ஒரு மலைச்சாலையில் வண்டியோடு உருண்டு செத்த பிறகு, அந்த வீட்டில் அவளைத் தவிர யாரும் காலையில் உட்கார்ந்திருந்ததில்லை. பிறகு போய்க் காபி போட்டாள், கை பழக்கத்தில் இரண்டு தம்ளர் ஆற்றிவிட்டாள், ஒன்றை நாற்காலியின் பக்கத்தில் தரையில் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை, ஆனாலும் மத்தியானத்துக்குள் காபி முக்கால்வாசி குறைந்திருந்தது.

முதல் வாரம் ஊர் கொதித்தது. ஒருவன் தன் வீட்டு ஆளை விளக்குமாற்றால் அடித்துப் பார்த்தான், அரிசி மூட்டையை அடித்தது போல இருந்தது என்றான். ஒருவர் நாற்காலியோடு தூக்கித் தெருவில் வைத்துவிட்டு வந்தார், கதவைச் சாத்தித் திரும்பினால் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டமாகப் போனார்கள். சப் இன்ஸ்பெக்டர் மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு, "ரைட்டர் பக்கத்துல பாத்தீங்கள்லா? எங்களுக்கும் ஒண்ணு. நான் யார் மேல கேஸ் எழுத?" என்றார். கலெக்டர் ஆபீஸிலிருந்து எழுத்தில் பதில் வந்தது. அப்படி ஒரு துறை இல்லை, ஆகவே அத்துறையில் பணிபுரிவோரும் இல்லை, ஆகவே அவர்களை அகற்றும் கேள்வி எழவில்லை.

கொதித்தது ஆறத்தான் செய்தது. சத்தம் போடாத, சாப்பாடு கேட்காத, இடத்தை விட்டு நகராத ஒன்றின்மேல் எத்தனை நாள் கோபப்பட முடியும்? ஊர் அவர்களுக்குச் செவியாள் என்று பெயர் வைத்தது. பெயர் வைத்ததும் பாதிப் பயம் போய்விட்டது. பெண்கள் முதலில் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார்கள், பிறகு ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள், பிறகு பார்ப்பதையும் விட்டுவிட்டு அவர் எதிரிலேயே தலை உலர்த்தினார்கள். ஈரத் துண்டைக் காயப்போட நாற்காலி முதுகு வசதியாக இருந்தது. குழந்தைகள் அவர் மடியில் நோட்டை வைத்து வீட்டுப்பாடம் எழுதின. சாவு வீட்டில் செவியாளுக்குத் தீட்டு உண்டா என்று கேட்டதற்குக் கோயில் பூசாரி ஒரு நாள் யோசித்துவிட்டு, வீட்டில் இருக்கிறவர்களுக்கு எல்லாம் உண்டு என்றார். பெண் பார்க்க வந்தவர்கள் போகிற போக்கில் செவியாளையும் எட்டிப் பார்த்தார்கள், உடம்பு பருத்த செவியாள் இருந்தால் வீட்டில் பேச்சு அதிகம் என்று கணக்கு. போனே இல்லாத கிழவர்கள் சிலர், நம் வீட்டுக்கு மட்டும் ஏன் ஆள் இல்லை, நம் பேச்சு அவ்வளவு மட்டமா என்று மனத்தாங்கல் பட்டார்கள்.

அவர்கள் பேசுவார்கள் என்பதை முதலில் கண்டது உலகம்மாள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஆவுடையப்பனின் லுங்கி ஒன்று கையில் வந்தது. விபத்துக்குப் பிறகு வந்த மழையில் அவளுடைய பழைய போன் வெள்ளத்தோடு போய்விட்டிருந்தது, அவன் ஒவ்வொரு ஊரிலும் வண்டியை நிறுத்திப் பதிந்து அனுப்பிய குரல் எல்லாம் அதோடு போயிற்று. "கடேசியா என்ன சொன்னாக? அதுகூட ஞாபகமில்லாமப் போச்சே," என்று லுங்கியிடம்தான் கேட்டாள்.

செவியாள் முகத்தை நிமிர்த்தினார், வாயைத் திறந்தார், ஆவுடையப்பனின் குரல் வந்தது. குரல் மட்டுமல்ல, பின்னால் போன லாரிகளின் இரைச்சலும், தார்ப்பாய் காற்றில் படபடக்கிற சத்தமும் வந்தன.

"உலகு, நாக்பூர் தாண்டியாச்சி. இங்க வெயிலு மண்டையப் பிளக்கு. நீ மாத்திரை போட்டியா? கயிறு ஒண்ணு அந்து போச்சி, கெட்டிட்டுத்தான் கெளம்பணும். வச்சிருதேன்."

உலகம்மாள் லுங்கியோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னொரு தரம் சொல்லுங்க," என்றாள். சொன்னார். இன்னொரு தரம் என்றாள், சொன்னார். அலுப்பில்லாமல், ஒரு மூச்சு கூடாமல் குறையாமல், அவள் கேட்ட போதெல்லாம் சொன்னார். அன்றிலிருந்து கடையை நேரத்தோடு மூடிவிட்டு அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆவுடையப்பன் சிரிப்பதைக் கேட்டார்கள். யாரும் திடுக்கிடவில்லை. பாவம், அவளுக்கும் பேச்சுத்துணை வேண்டும்தானே என்றார்கள்.

பிறகு ஊரே கேட்க ஆரம்பித்தது. செவியாள் கேட்டால் சொல்வார், யார் கேட்டாலும் சொல்வார், அந்த வீட்டுப் போன்களில் வந்தது போனது எல்லாம் சொல்வார். வெளிநாட்டில் இருக்கும் மகள் எப்போதோ எழுதி அனுப்பிய மீன் குழம்பு பக்குவத்தை ஒருத்தி கேட்டு வாங்கினாள். நிலத் தகராறில் அண்ணன் கொடுத்த வாக்கை ஒருவர் அண்ணன் குரலிலேயே சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லவைத்தார். நல்லதாகத்தான் தொடங்கியது. அப்புறம் புருஷன் வெளியே போன நேரம் பார்த்துப் பெண்டாட்டி கேட்டாள், பெண்டாட்டி குளிக்கப் போன நேரம் பார்த்துப் புருஷன் கேட்டான். விருந்துக்கு வந்தவர்கள் கை கழுவப் போகிற சாக்கில் அந்த வீட்டுச் செவியாளிடம் குனிந்து, எங்களைப் பத்தி என்ன பேசிக்கிடுதாக என்றார்கள். கேட்டவர்கள் எல்லோரும் முகம் கறுத்துத் திரும்பினார்கள், ஆனாலும் மறுநாளும் கேட்டார்கள். தேரிமுகத்தில் ஒருவரை ஒருவர் கேட்பது மெல்ல மெல்ல நின்றுபோனது. மனிதர்கள் யோசித்துத்தான் பதில் சொல்வார்கள், பாதியை முழுங்கிவிட்டுச் சொல்வார்கள். செவியாளுக்கு அந்தத் தாமதம் இல்லை.

சொரிமுத்து ஒரு வெள்ளிக்கிழமை கேட்டார். அவருடைய வீடு உலகம்மாள் வீட்டுக்கு அடுத்தது. மனைவி காமாலையில் போனபோது மகள் வடிவுக்கு நடை பழகியிருக்கவில்லை, அவரே வளர்த்தார். வடிவு படித்து முடித்து பஜாரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். நிச்சயத்துக்கு நாள் குறிக்க உறவுக்காரர்கள் கூடியிருந்த கூடத்தில் வைத்து, அவள் ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள் என்று யாரோ கேட்க, "இருக்கவே இருக்கு," என்று சொரிமுத்து செவியாள் பக்கம் திரும்பினார். "எம் பிள்ள யார்ட்ட பேசுதா? என்ன பேசுதா?"

செவியாள் வடிவின் குரலில் பேசினார். கூட வேலை பார்த்த எபநேசர் என்ற பையனின் குரலிலும் பேசினார். அவன் சொந்தம் இல்லை, ஒரே சாதி இல்லை, சாமிகூட வேறு. அவள் அவனிடம் சிரித்தது, அழுதது, கோபித்தது, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் செல்லப் பெயர் வைத்து விளையாடியது, ஓடிப்போய்ப் பதிவு செய்துகொள்ள நாள் பார்த்தது, எல்லாம் அத்தை மாமா சித்தப்பா முன்னிலையில் வரிசையாக வந்தது. நடுவில், "எங்கப்பா பாவம் எபி. அவுகள நெனச்சாத்தான் எனக்குக் கஷ்டமா இருக்கு," என்று அவள் சொன்னதும் வந்தது. அந்த இடத்திலாவது சொரிமுத்து நிறுத்து என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுக்களை வாசலில் நின்று தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டிருந்த வடிவு, அதற்குப் பிறகு எதையுமே மறுக்கவில்லை.

அவளை உள்ளே போட்டுப் பூட்டினார்கள். சித்தப்பாமார் இரண்டு பேர் ஆட்களோடு போய், பட்டப்பகலில், ரத்தம் எடுக்க வந்தவர்கள் வரிசையில் உட்கார்ந்திருக்க, எபநேசரின் வலது கையை மேஜை விளிம்பில் வைத்து முறித்தார்கள். அடுத்து என்ன செய்வது என்று கூடத்தில் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். மெதுவாகப் பேசியதுதான் வடிவைப் பயமுறுத்தியது. 

மறுநாள் கூடத்தில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் கொல்லைப்புற ஜன்னல் கம்பியை நெம்பிவிட்டு, இரண்டு வீட்டுக்கும் பொதுவான மதிலை ஏறிக் குதித்து, உலகம்மாள் முன்னால் வந்து நின்றாள். "அத்தை, என்னை எங்கயாவது கொண்டு விட்டுருங்க," என்றாள். 

உலகம்மாள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பயந்திருப்பாள். கடைக்குப் பேப்பர் கட்டு ஏற்றி வருகிற ஆட்டோவில், பேப்பர் பெட்டிகளுக்கு நடுவே உட்காரவைத்து, ரயிலடிக்குக் கொண்டுபோய், ஆவுடையப்பனின் தங்கை செண்பகத்தைப் போனில் பிடித்து, பெண்ணை அங்கே அனுப்பிவைத்தாள். எந்த ஊர் என்று இங்கேயும் சொல்ல வேண்டியதில்லை. உலகம்மாள் நேரில் போய்ச் சொன்னதும், எபநேசரின் வீட்டாரும் கட்டுப்போட்ட கையோடு அவனை அங்கேயே அனுப்பினார்கள்.

அடுத்த நாள் காலையில் உலகம்மாளின் போன் மணியடித்தது. செண்பகம் குரல் பதிந்து அனுப்பியிருந்தாள். "மைனி, ரெண்டு பேரும் பத்திரமா வந்து சேந்துட்டாக," என்று ஆரம்பித்து, ஊர், தெரு, வீட்டு அடையாளம், எபநேசரை எந்த ஆஸ்பத்திரியில் காட்டப் போகிறார்கள் என்பது வரை வெள்ளந்தியாகச் சொல்லியிருந்தாள். உலகம்மாளுக்கு உயிர் வந்தது போல இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் செவியாளும் முகத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சொரிமுத்து வருவார். தெருவில் யாராவது ஆட்டோவைப் பார்த்திருப்பார்கள். வந்தால் அவளிடம் எதுவும் கேட்கமாட்டார். அதோ அந்த நாற்காலியிடம் கேட்பார்.

பாயைப் போட்டு மூடினாள். வாயில் துணியைக் கட்டினாள். செவியாள் அப்படியே உட்கார்ந்திருந்தார், துணி மட்டும் அவிழ்ந்து விழுந்தது. அவர் முன்னால் மண்டியிட்டு, தோளைப் பிடித்து உலுக்கி, அழுகையும் ஆத்திரமுமாக, "இது உன்னுதா? யாரைக் கேட்டு எடுத்து வச்ச? எங்களுதக் குடு. எல்லாத்தையும் திருப்பிக் குடு!" என்று கத்தினாள்.

சொல் என்று எல்லோரும் கேட்டிருந்தார்கள். திருப்பிக் கொடு என்று அதுவரை அந்த ஊரில் ஒருவரும் கேட்டதில்லை.

செவியாள் முதல் முறையாகக் கண்ணை மூடித் திறந்தார். "அலோ," என்றார் ஆவுடையப்பன் குரலில். "அலோ, உலகு, கேக்கா? புதுப் போன்லேருந்து பேசுதேன்." புதுப் போன் வாங்கிய அன்று, ஒரே அறைக்குள் நின்றுகொண்டு, அவன் அவளுக்குப் போட்ட முதல் போன். அதற்கு அவள் சிரித்த சிரிப்பும் வந்தது. வந்து முடிந்ததும் செவியாளின் சட்டைக் காலர் ஒரு இழை தளர்ந்தது. "இன்னொரு தரம் சொல்லுங்க," என்றாள் உலகம்மாள், பழக்கத்தில். வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை. அது அவரிடம் இப்போது இல்லை. அவளிடம் வந்துவிட்டது.

ரேஷன் கடை வரிசையைப் போல, முதலில் போனதுதான் முதலில் திரும்பி வந்தது. கடைசியில் நிற்கிற செண்பகத்தின் குரலை வெளியே எடுக்க வேண்டும் என்றால், அதற்கு முன்னால் நிற்கிற ஆவுடையப்பன் முழுவதும் வெளியே வந்தாக வேண்டும். ஒவ்வொன்றும் ஒரே ஒரு தரம்.

உலகம்மாள் கதவைச் சாத்தினாள். முகம் கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "குடு," என்றாள்.

கல்யாண வீட்டுக்குப் போகிற வழியில் அவன் போட்ட சண்டை வந்தது, அவள் அம்மா செத்த செய்தி வந்தது, டாக்டர் இனிமேல் பிள்ளை பிறக்காது என்று சொன்ன அன்றைக்கு அவன் ஒரு டோல்கேட்டில் நின்று ஒன்றும் பேசாமல் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தது வந்தது, அவள் அலுத்துக்கொண்டதும் அதட்டியதும் பொய் சொன்னதும் வந்தன, விஜயவாடா மழையும் குஜராத் புழுதியும் வந்தன, அவனுடைய இருமலும், பாட்டும், பாட்டு மறந்துபோய் இழுத்ததும் வந்தன. ஒவ்வொன்றையும் கேட்டு முடித்து, அது இனி எங்கும் இல்லை என்று தெரிந்துகொண்டு, அடுத்ததை வாங்கினாள். வெயில் ஜன்னலிலிருந்து இறங்கித் தரையில் நடந்து எதிர்ச் சுவருக்குப் போனது. நாக்பூர் தாண்டியதும், தார்ப்பாய் படபடத்ததும் வந்தபோது அவள் கையை இறுக மூடிக்கொண்டாள். இதோடு நிறுத்திக்கொள்ளலாம், இதற்குப் பின்னால் இருப்பதை விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றாமல் இல்லை. "வச்சிருதேன்," என்றான் ஆவுடையப்பன்.

"சரி, வைங்க," என்றாள் உலகம்மாள்.

அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் அவள் தனியாக இருந்த காலத்துச் சத்தங்கள். ரீசார்ஜ் முடிந்துவிட்டது என்கிற குரல், கடன் வேண்டுமா என்கிற குரல், தவறான எண். கடைசியில் செண்பகம் வந்தாள், ஊரையும் தெருவையும் சொன்னாள், போனாள்.

சொரிமுத்து தட்டியபோது சாயங்காலம் ஆகிவிட்டிருந்தது. பின்னால் தம்பிமார் நின்றார்கள். திறந்த கதவு வழியே உலகம்மாளைத் தாண்டி நேராக நாற்காலியிடம் போனார்.

"எம் மக எங்க இருக்கா?"

செவியாள் வாயைத் திறந்தார். காலிப் பானைக்குள் காற்று போவது போல ஒரு சத்தம் வந்தது. சொரிமுத்து இன்னும் இரண்டு தரம் கேட்டார், குரலை உயர்த்திக் கேட்டார், குனிந்து காதோடு கேட்டார். பிறகு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. மனிதர்களிடம் கேட்டு வெகு நாளாகியிருந்தது. மெல்லத் திரும்பி உலகம்மாளைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணாச்சி," என்றாள் உலகம்மாள்.

"எங்க?"

"சொல்ல மாட்டேன்."

தெரிந்திருந்தும் சொல்லாமல் இருக்க முடியும் என்பதை அவர் மறந்தே போயிருந்தார். புரியாதவர் போல நின்றார். தம்பிகளில் ஒருவன் கையை ஓங்கிக்கொண்டு உள்ளே வந்தான். அதற்குள் தெருவில் கதவுகள் திறந்திருந்தன. எதிர்வீட்டு மரியபுஷ்பம் கரண்டியோடு வாசலுக்கு வந்தாள், அவளுக்குப் பின்னால் அவள் புருஷன், அடுத்த வீட்டுக்காரர்கள், அதற்கும் அடுத்தவர்கள். "எல, கைய எறக்கு," என்றார் சொரிமுத்து தம்பியிடம். போய்விட்டார்கள்.

அவர்கள் போன பின்னால் செவியாள் எழுந்தார். எழுந்தபோது எவ்வளவு குட்டையானவர் என்று தெரிந்தது. நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவில் நின்றவர்களுக்கு நடுவே நடந்து, வெயில் விழுந்த இடத்துக்கு வந்ததும் இல்லாமல் போனார். 

"என்ன செஞ்ச உலகம்மா?" என்றாள் மரியபுஷ்பம்.

"திருப்பிக் குடுன்னேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஆனா முதல்லேருந்து கேக்கணும்."

அந்த மாதம் தேரிமுகத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடிக்கொண்டே இருந்தது. கடைகள் பாதி நாள்தான் திறந்தன. வீட்டுக்கு வீடு ஒருவர் மாற்றி ஒருவர் நாற்காலியின் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். தான் சொன்னதையும் தனக்குச் சொல்லப்பட்டதையும் தான் மட்டுமே வாங்க முடியும், இன்னொருவருக்காக இன்னொருவர் வாங்க முடியாது. ஒரே வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் தங்களுக்குள் பேசியது, உயிரோடு இருக்கிற இரண்டு பேருமே வாங்கினால்தான் போகும். ஆசை வார்த்தைகளையும் அசிங்கங்களையும், செத்தவர்களின் சௌக்கியமா என்ற விசாரிப்பையும், வராத பணத்துக்குச் சொன்ன சாக்குகளையும், குழந்தை முதன்முதலாக அப்பா என்று சொன்னதையும், அதே குழந்தைமேல் எரிந்து விழுந்ததையும் கேட்டு, ஒரு தரம் கேட்டு, இழந்து, எழுந்து வந்தார்கள். சிலர் பாதியில் தாங்கமாட்டாமல் வெளியே ஓடிவிட்டார்கள். அவர்கள் வீட்டுச் செவியாட்கள் இன்றைக்கும் அங்கேயே இருக்கிறார்கள், யாரும் அதைக் குற்றமாகச் சொல்வதில்லை.

ஒரு ஜீப் வந்தது. இறங்கிய அதிகாரி எந்தத் துறை என்று சொல்லவில்லை. உலகம்மாளின் கடைக்கு வந்து, அரசு ஆவணங்களை அழிக்கத் தூண்டியதாக அவள்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும் என்றார்.

"அப்படி ஒரு துறையே இல்லன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே சார்," என்றாள் உலகம்மாள். "கலெக்டர் ஆபீஸ் பதிலுக்கு நாந்தான் ஊருக்கெல்லாம் ஜெராக்ஸ் போட்டுக் குடுத்தேன். ஒண்ணு வேணுமா?"

அதிகாரி கர்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். ஜீப் வரைக்கும் போனவர், டிரைவர் காதில் விழாத இடத்துக்கு அவளைக் கூப்பிட்டு, "முதல்லேர்ந்து கேட்டாத்தான் போகுமா?" என்று கேட்டார். 

"ஆமா சார். முதல்லேருந்து."

தலையை ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டார். மறுபடி வரவில்லை.

சொரிமுத்தும் தன்னுடையதை வாங்கினார். வடிவை என்ன செய்வது என்று தம்பிகளோடு போனில் பேசியது எல்லாம் அதில் இருந்தது. முடிந்து வெளியே வந்தவர் லாரி ஆபீஸுக்குப் போகவில்லை, தம்பிகளை வீட்டுக்குள் சேர்க்கவுமில்லை. ஆனால் அவர் வீட்டுச் செவியாள் எழுந்து போகவில்லை. வடிவின் சொற்கள் அவருக்குள் இருந்தன, அவற்றை வடிவு வந்துதான் வாங்க வேண்டும். 

சொரிமுத்து செவியாளிடம் எதையும் விசாரிக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டார். விளக்கு வைக்கிற நேரத்தில் மதிலுக்கு அந்தப் பக்கம் அவர் குரல் உலகம்மாளுக்குக் கேட்கும். "சாப்ட்டியாம்மா?" உடனே வடிவின் குரல், எந்த வருடத்ததோ, பின்னால் காலேஜ் பஸ் இரைய, "சாப்ட்டேம்ப்பா, நீங்க?" என்று கேட்கும். அதற்குப் பிறகு சத்தம் இருக்காது. ஒவ்வொரு நாளும் இது நடந்தது. உலகம்மாளுக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் அந்த நேரத்தில் ரேடியோவை அணைத்துவிடுவாள்.

மழைக்காலம் முடிந்து வடிவு வந்தாள். உலகம்மாள் முன்கூட்டியே போய்ச் சொல்லியிருந்தாள். "அவ சொல்லை அவ வாங்கிட்டுப் போகணுமாம். நீங்க வெளிய நிக்கணும்." 

"நிக்குதேன்," என்றார் சொரிமுத்து.

காலையில் வந்து இறங்கினாள். எபநேசர் தெருமுனையிலேயே நின்றுகொண்டான், அவன் வலது கை முழுதாக நிமிரவில்லை. மரியபுஷ்பமும் மற்ற பெண்களும் வாசலில் உட்கார்ந்துகொண்டார்கள். வடிவு அப்பாவைக் கடந்து உள்ளே போய்க் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டாள். சொரிமுத்து எதிரே இருந்த லைட் கம்பத்தடியில் நின்றார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. உள்ளே மகள் குரல் போய்க்கொண்டே இருந்தது, என்ன என்று கேட்காத அளவுக்கு மெல்லிசாக. ஒருமுறை சிரிப்பு கேட்டது. அவர் கதவுப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தார், நின்றார், பழையபடி கம்பத்தடிக்கே போனார்.

வெயில் தாழ்ந்தபோது கதவு திறந்தது. முதலில் செவியாள் வந்தார், கக்கத்தில் நாற்காலியோடு, இரண்டு எட்டு நடந்து வெளிச்சத்தில் கரைந்தார். பிறகு வடிவு வந்தாள். நாள் முழுக்க அழுத முகம். யாருடைய கையையும் பிடிக்காமல் படி இறங்கினாள். அவளுக்கும் அப்பாவுக்கும் நடுவில் தெரு மட்டும்தான் இருந்தது.

சொரிமுத்து கம்பத்தடியிலிருந்து ஒரு அடி முன்னால் வந்தார். கமறிக்கொண்டார்.

"சாப்ட்டியாம்மா?"

வடிவு நின்றாள். அப்பாவைப் பார்த்தாள், நரைத்த தாடியைப் பார்த்தாள், காலையிலிருந்து நின்று வீங்கிய காலைப் பார்த்தாள். உதடு ஒருமுறை பிரிந்தது. தெருமுனையில் எபநேசர் முறிந்த கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு நின்றிருந்தான். அவள் ஒன்றும் சொல்லாமல் அவனை நோக்கி நடந்தாள். இரண்டு பேரும் திரும்பினார்கள், பஸ் வந்தது, ஏறிக்கொண்டார்கள்.

வாசலில் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து அவரவர் வீட்டுக்குப் போனார்கள். சொரிமுத்து வீட்டுக்குள் போய் விளக்கைப் போட்டார். கூடத்தில் சுவர் கறையோடு இருந்தது, அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. மகள் சாப்பிட்டாளா இல்லையா என்பது அன்று அவருக்குத் தெரியவில்லை.